எண்ணெய் மண்ணில் முளைத்தவை

நாற்று என்றால் ஜன்னல் பக்கம் சாயும். அது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வெளிச்சம் எங்கேயோ அங்கே தலை நீட்டும். தட்டைத் திருப்பி வைத்தால் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுபடி வெளிச்சத்துக்கே திரும்பும். தண்டு நேராக வளரவேண்டும் என்பதற்காக நாற்றுப் பண்ணையில் தினமும் தட்டுகளைத் திருப்பி வைப்பார்கள். அந்த வேலையைச் செய்தே அவளுக்குப் பாதி வயது போயிருந்தது. அதனால்தான் அன்று காலை ஸ்பிரேயரைக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் வந்தவள், தண்ணீர் தெளிக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று தட்டுகளில் கடைசித் தட்டு மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துச் சாய்ந்திருந்தது.

வீட்டுக்குள் அந்தப் பக்கம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். மருந்துப் பாட்டில்கள் வைத்த ஸ்டூல். கித்தான் கட்டில். கட்டிலில் அவள் கணவர், இருமிக்கொண்டு.

அதைவிடப் பெரிய வேடிக்கை, அந்தத் தட்டில் எதுவும் முளைத்திருக்கவே கூடாது. ஊருக்கு வெளியே இருந்த எண்ணெய்க் கிடங்கில் பெரிய தொட்டி ஒன்று அடியில் துருப்பிடித்து, யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்காக மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருந்தது. தெரிந்தபோது சுற்றுவட்டாரத்தில் புல் பூண்டு மிச்சமில்லை. அந்த மண்ணில் எந்த மரத்தின் விதையாவது முளைக்குமா என்று பார்க்கத்தான் பண்ணையில் இந்தச் சோதனை நடந்தது. முதல் தட்டில் நல்ல மண். இரண்டாவதில் பாதிக்குப் பாதி. கடைசியில் கிடங்கு மண் அப்படியே, கறுகறுவென்று. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரை விட்டுவிட்டு அவள் தினமும் வரமுடியாது என்பதால், ஆய்வகத்து மேடம் பெரிய மனசு பண்ணி, தட்டுகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள்.

முதல் தட்டு ஜோராக முளைத்தது. இரண்டாவது தட்டில் ஏனோதானோவென்று சில முளைகள் வந்தன, குட்டையாக, மஞ்சள் பாரித்து. கடைசித் தட்டில் ஒன்றுமில்லை. எண்ணெய் மண்ணில் அப்படித்தான் ஆகும். மண்ணின் ஒவ்வொரு துகளையும் எண்ணெய் போர்த்திக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது, காற்றும் போகாது. விதை உயிரோடு மூச்சு முட்டிச் சாகும். நேற்று சாயங்காலம்வரை அந்தத் தட்டு சுடுகாடாகத்தான் கிடந்தது.

அவள் மேடத்துக்கு ஃபோன் போட்டாள்.

"மேடம், கடைசித் தட்டுல முளைச்சிருக்கு."

"எண்ணெய்த் தட்டுலயா? அதுல எப்படிங்க? தட்டை மாத்தி கீத்தி வெச்சிட்டீங்களா?"

"நல்லாருக்கே மேடம். நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவளா?"

மேடம் சிரித்துவிட்டாள். பிறகு அவள் குரலில் சந்தோஷம் வழிந்தது. "கோவிச்சுக்காதீங்க. இது மட்டும் நிஜமா இருந்தா எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஒண்ணும் பண்ணாதீங்க. அதுக்கு என்ன புடிக்குதோ அதுக்கேத்த மாதிரி வெச்சுக் காப்பாத்துங்க. வேற ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

சாய்ந்திருப்பதைச் சொல்லலாமா என்று நினைத்தாள். வாய் வரை வந்தது. "இல்ல மேடம்" என்றாள்.

தட்டருகே குனிந்து பார்த்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. முளைகளில் இலை இல்லை. நுனியில் மொட்டும் இல்லை. வெள்ளை வெளேரென்று நூல்போல நின்றவற்றின் உடம்பெல்லாம் பூனைமுடி மாதிரி மெல்லிய மயிர். இதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் மண்ணைத் தோண்டினால்தான் பார்த்திருக்கிறாள். இது தண்டில்லை. வேர். விரல் நுனியால் மண்ணை விலக்கினாள். கீழே, பிசுபிசுத்த கறுப்புக்குள், விதையிலைகள் இரண்டும் கைகூப்பியபடி தலைகீழாக இறங்கிக்கொண்டிருந்தன.

'உள்ளே காற்றில்லை. மூச்சுக்காக வேர் மேலே வந்திருக்கிறது. அவ்வளவுதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் தட்டைத் திருப்பி வைத்தாள். இப்போது வேர்கள் ஜன்னலைப் பார்த்தன. திரும்புவதென்றால் ஒரு பகலாவது பிடிக்கும். சமையலறைக்குப் போய்ப் பாலைக் காய்ச்சி ஆற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். வேர்கள் கட்டிலைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

அவள் டம்ளரோடு தட்டையே பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கற?" கட்டிலிலிருந்து அவர் கேட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நெஞ்சுக்குள் ஏதோ கொழகொழத்தது.

"ஒண்ணுமில்லைங்க. இந்த நாத்து உங்களையே பாக்குது."

"பின்னே? இந்த வீட்டுல... பாக்கற மாதிரி... வேற யாரு இருக்கா?"

"ஆமா, பெரிய மன்மதன்! பாலைக் குடிங்க முதல்ல."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை. அவள் முதுகைத் தடவினாள், நெஞ்சை நீவினாள், கடைசியில் துணியை வாயருகே பிடித்தாள். வந்து விழுந்தது கறுப்பாக இருந்தது. அதே கிடங்கில்தான் அவருக்கு வேலை. தொட்டி காலியானதும் மேலிருக்கும் வட்டத் துவாரம் வழியாக உள்ளே இறங்கி, அடியில் தங்கிய எண்ணெய்க் கசடை வழித்து வாளியில் ஏற்றவேண்டும். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கிணத்துத் தவளை'. அவ்வளவு சுறுசுறுப்பாக இறங்குவாராம். இப்போது டாக்டர் கையை விரித்துவிட்டார். நுரையீரல் முழுக்க எண்ணெய் பூசிக் கிடக்கிறதாம். காற்று போகிறது, ஆனால் உள்ளே ஒட்டமாட்டேன் என்கிறதாம். இந்த மழைக்காலத்தைத் தாண்டினால் பெரிய விஷயம் என்றார். கேட்டதும் அவளுக்கு இந்தக் கடைசித் தட்டுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய மூச்சு ஒன்றைத் தவிர அவளுக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அன்று மதியத்துக்கு மேல் அவர் இருமவில்லை.

முதலில் அவள் கவனிக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், குழாயை மூடியதும் வீடு நிசப்தமாக இருப்பதை உணர்ந்து ஓடிவந்தாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. மூக்கு வழியே, சத்தமில்லாமல், நம் எல்லோரையும் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. ஜன்னலோரத்தில் வேர்கள் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தன. தட்டின் விளிம்பைத் தாண்டி, கட்டிலை நோக்கி, காற்றில்.

அவள் ஒன்றும் முட்டாளில்லை. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அவளுக்கு வெகுநேரம் ஆகவில்லை. மறுநாள் மனசு கேட்காமல் தட்டைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பொழுது சாய்வதற்குள் இருமல் வந்துவிட்டது. பழைய இருமலல்ல. அவர் நகங்கள் நீலம் பாரித்தன. கண்கள் மேலே செருகின. ஒரு கையால் கித்தானைப் பிறாண்டியபடி மறுகையைச் சமையலறைப் பக்கம் நீட்டினார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், வேர்கள் அத்தனையும் கதவின் இடுக்கில் வந்து நின்றிருந்தன.

தட்டை எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே, ஸ்டூலின் மேல் வைத்தாள். மருந்துப் பாட்டில்களைத் தரையில் இறக்கினாள். மெல்ல மெல்ல அவர் நகங்களில் நிறம் வந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். அது பயமா நன்றியா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் யோசிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் எழுந்ததும் தட்டைத் திருப்புவாள், தண்ணீர் தெளிப்பாள். வேர்கள் எவ்வளவு எட்டுகின்றனவோ அதற்குத் தகுந்தபடி தட்டை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நகர்த்துவாள். ஸ்டூலிலிருந்து தலைமாட்டுக்கு. தலைமாட்டிலிருந்து, இடம் போதாமல், கட்டிலுக்கு அடியில். செடி எதைத் தேடிச் சாய்கிறதோ அதன் பக்கத்தில் வை. பண்ணையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பதே அதைத்தானே.

ஒரு நாள் நாத்தனார் வந்தாள். அண்ணனைப் பார்த்துவிட்டு அழலாம் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தவள், வாசலிலேயே வாயைப் பிளந்தாள்.

"அண்ணி! அண்ணன் நல்லா மூச்சு விடுறாரே! என்ன மருந்து குடுத்தீங்க?"

"அதே மருந்துதான்."

"பொய் சொல்லாதீங்க. வீட்டுல அந்த எண்ணெய் வாசனைகூட இல்ல. முன்னெல்லாம் உள்ள வந்தாலே குமட்டும்." அவள் கட்டிலருகே போய்க் குனிந்தாள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ஆனா ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டாரு? கன்னமெல்லாம்... உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. சாப்பிடுறாரா?"

"தண்ணி குடிக்கிறாரு."

"தண்ணியா? வேற?"

"கேக்கறதில்ல."

நாத்தனார் கட்டிலில் உட்காரப் போனவள், என்ன தோன்றியதோ, உட்காரவில்லை. முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "எனக்கு என்னமோ புல்லரிக்குது அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த காலோடு கிளம்பிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் வீட்டில் எண்ணெய் வாசனை இல்லை என்பது இவளுக்கும் உறைத்தது. இருபது வருஷமாக அவர் தலையணையில், வியர்வையில், துவைத்துக் காயப்போட்ட சட்டையில்கூட இருந்த வாசனை. கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டை போட்ட வாசனை. அவர் கழுத்தருகே குனிந்து முகர்ந்தாள். மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தின் வாசனை அடித்தது.

மழைக்காலம் முற்றியது. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. அவர் விளக்கு வேண்டாம் என்றார், திரைச்சீலையை இழுத்துவிடச் சொன்னார். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். அரை இருட்டில், ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, அவர் மூச்சு நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே அவள் பருப்பில் கல் பொறுக்குவாள், கிழிந்ததைத் தைப்பாள். அந்தச் சத்தம் இருக்கிறவரை போதும். முதுகில் புண் வந்துவிடும் என்று முன்பெல்லாம் அவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பாள். இப்போது அதையும் விட்டுவிட்டாள். வருஷக்கணக்காகத் தூங்காத மனுஷன் தூங்குகிறார், அவரைப் போய் ஏன் தொந்தரவு செய்யவேண்டும் என்று.

ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் போனது. வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஃபோன் அடித்தது, மேடம்.

"நாளைக்கு வந்து தட்டை எடுத்துக்கறேங்க. என் கண்ணால பாக்கணும். எத்தனை முளை இருக்கு இப்ப?"

"பாத்துச் சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டு, ஃபோனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு கட்டிலருகே மண்டியிட்டாள். காலையில் குனிய முடியாமல் இடுப்பு பிடித்துக்கொண்டதால், பார்க்காமலேயே கையை விட்டுத் தட்டைத் திருப்பி, தண்ணீர் தெளித்திருந்தாள். நேற்றும் அப்படித்தான். முந்தாநாளும்.

தட்டை வெளியே இழுத்தாள். அது லேசாக வந்தது.

மண் கறுப்பாக இல்லை. பொலபொலவென்று, ஆற்று மணல் போலச் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. விதைத் தோல்கள் மட்டும் மேலே உதிர்ந்து கிடந்தன. வேர்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை.

செத்துவிட்டன என்று நினைத்தாள். அடுத்த கணமே, அவர் மூச்சு நின்றிருக்குமோ என்ற நினைப்பு வந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மழைச் சத்தம். ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம். அதற்கு அடியில், நிதானமாக, மூச்சு.

இருக்கிறது.

அப்படியானால் அவை எங்கே?

டார்ச்சைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினாள். தரை. தூசி. அவருடைய பழைய செருப்பு. கையை மெதுவாக மேலே உயர்த்தினாள்.

கித்தானின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அவள் அசையவில்லை. அந்த வெள்ளை அசைந்தது. மெல்லிய பூனைமுடிகள். வெளிச்சம் பட்ட இடத்தில் சுருங்கி, துணியின் இழைகளுக்குள் பின்வாங்கின. மேலே போயின. மேலே அவர்தான் இருந்தார்.

"என்னங்க."

கட்டில் சட்டத்தைத் தட்டினாள்.

"என்னங்க, கொஞ்சம் எழுந்திருங்க. எழுந்திருங்களேன்."

எழுந்து, டார்ச் எரிய ஃபோனை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போர்வையை விலக்கினாள். அவர் மல்லாந்து படுத்திருந்தார், எப்போதும் போல. எப்போதிலிருந்து? கடைசியாக அவரை எப்போது புரட்டிப் படுக்கவைத்தோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. பண்ணையில் நாற்றுப் பைகளை ஒரே இடத்தில் விடமாட்டார்கள். அடிக்கடி தூக்கி இடம் மாற்றுவார்கள். மாற்றாவிட்டால் பையின் ஓட்டை வழியே வேர் இறங்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் பெண்கள் அதில்தான் கோட்டைவிட்டு ஏச்சு வாங்குவார்கள். அவள் தட்டைத் தினமும் மறக்காமல் திருப்பினாள். அவரைத்தான் அப்படியே விட்டுவிட்டாள்.

தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தாள். எலும்பும் தோலுமாக இருந்த உடம்பு. ஒரு கையாலேயே தூக்கிவிடலாம்.

தூக்கினாள்.

வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். முதுகுக்கும் கித்தானுக்கும் நடுவே, பட், பட், பட்டென்று, நூல் அறுவது போல ஒரு சத்தம். அவளுக்குத் தெரிந்த சத்தம். தரை பிடித்த நாற்றைப் பிடுங்கினால் வரும் சத்தம்.

அவர் கண் திறந்தது.

"மெதுவா" என்றார். "வேர் அறுந்துடப் போகுது."

பிறகு மூச்சு நின்றது. வாய் திறந்தது, நெஞ்சு தூக்கிப் போட்டது, உள்ளே காற்று போகவில்லை. உதடு நீலம். நகம் நீலம். அவளைப் பார்த்த கண்கள் மேலே செருகின.

"ஐயோ, ஐயோ, இல்ல, இல்லைங்க, தூக்கல, நான் தூக்கல!"

தோளைக் கீழே வைத்தாள். அமுக்கினாள். இரண்டு கைகளாலும், தன் முழு எடையையும் போட்டு, நாற்றை நட்டபின் மண்ணை இறுக்குவது போல அவரைக் கித்தானோடு சேர்த்து அமுக்கினாள். உள்ளங்கைக்குக் கீழே ஏதோ துழாவியது. தேடியது. பிடித்துக்கொண்டது.

மூச்சு வந்தது.

நிதானமாக. சத்தமில்லாமல். நம் எல்லோரையும் போல.

அவள் அப்படியே அவர் மேல் கவிழ்ந்து கிடந்தாள். ஓடிவிடலாம். கதவு திறந்துதான் இருந்தது. நாத்தனாரைக் கூப்பிடலாம், மேடத்தைக் கூப்பிடலாம், நாலு பேர் வந்து கத்தியால் அறுத்து எடுப்பார்கள். எடுத்தால் இந்தச் சத்தம் நின்றுவிடும். வேறு ஒன்றும் நடக்காது, இந்தச் சத்தம் மட்டும் நின்றுவிடும்.

"தண்ணி" என்றார் அவர்.

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அதுல வேணாம்."

அவர் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். டம்ளரை வைத்துவிட்டு ஸ்பிரேயரை எடுத்தாள். முதலில் நெற்றியில் தெளித்தாள். பிறகு கழுத்தில். பிறகு சட்டையை விலக்கி, குழிந்து கிடந்த நெஞ்சில்.

தண்ணீர் வழியவில்லை. தோலின் மேல் ஒரு கணம் நின்றது, பிறகு நல்ல மண்ணில் விழுந்தது போல உள்ளே இறங்கிக் காணாமல் போனது. அவர் கண்களை மூடி, சுகமாக, வாயைத் திறந்தார். நாக்கு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக, மெல்லிய மயிர் அடர்ந்து ஏதோ தலை தூக்கி, இருட்டில் நின்ற அவள் பக்கம் மெல்லச் சாய்ந்தது.